வீட்டுக் கடதாசியும் வேலைக் கடதாசியும்



இந்த இதழில் நாம் படிக்கப்போகும் பாடம் கடதாசியைப் பற்றியது. "கடதாசியில் என்ன பெரிய பாடம்? அது பாட்டுக்குப் பெட்டிக்குள்ள கிடக்குது" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் சேமலாப நிதிக்கு அலைகிறவரைக் கேட்டுப் பாருங்கள், அடையாள அட்டைக்காக நாலு முறை பிரதேச செயலகத்துக்குப் போய்த் திரும்பி வந்த பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். கடதாசியின் அருமை அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு வகைக் கடதாசி உண்டு. ஒன்று வீட்டுக் கடதாசி. பிறப்பு, கல்யாணம், இறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பள்ளிக்கூடச் சான்றிதழ், உறவினர் எழுதிய கடிதம் எல்லாம் இதில் சேரும். நீங்கள் யார், யாருடைய பிள்ளை என்பதை இது சொல்லும். மற்றது வேலைக் கடதாசி. சம்பளத் துண்டு, சேமலாப நிதிக் கார்ட், கொடுக்கல் வாங்கல் கணக்கு, நியமனக் கடிதம் போன்றவை. நீங்கள் எங்கே, எவ்வளவு காலம், என்ன கூலிக்கு வேலை செய்தீர்கள் என்பதை இது சொல்லும். இந்த இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றால்தான் பலம். இதை நன்றாக அறிந்திருந்த இரண்டு கூட்டத்தாரின் கதையை முதலில் பார்ப்போம். ஒரு கூட்டத்தார் இங்கிலாந்துக்காரர். மற்றவர்கள் நம்ம கொழும்புச் செட்டியார் தெருக்காரர். அதன் பிறகு நம்முடைய பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

குவேக்கர் என்றால் யார்?

வெள்ளவத்தைக் கடைகளில் குவேக்கர் ஓட்ஸ் டின்னைப் பார்த்திருப்பீர்கள். தொப்பி வைத்த ஒரு பெரியவர் அதில் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தக் கம்பனியைத் தொடங்கியவர்கள் குவேக்கர்கள் அல்ல. குவேக்கர் என்றால் நாணயமானவர் என்று ஊரெல்லாம் பேர் இருந்தபடியால், அமெரிக்காவில் 1877இல் அந்தப் பெயரைச் சரக்குக்கு வைத்தார்கள்.

உண்மையான குவேக்கர்கள் 1650 அளவில் இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவக் கூட்டத்தார். ஜோர்ஜ் பொக்ஸ் என்பவர் இவர்களுக்கு வழிகாட்டி. "நண்பர்கள் சங்கம்" என்பதுதான் இவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். பூசாரி, பாதிரி கிடையாது. எல்லாரும் கூடி அமைதியாக இருந்து வணங்குவார்கள். போருக்குப் போகமாட்டார்கள். கோர்ட்டிலே சத்தியம் செய்யவும் மாட்டார்கள். "எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு?" என்பது அவர்கள் வாதம்.

சத்தியம் செய்ய மறுத்ததால் பெரிய பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற முடியாது, அரசாங்க உத்தியோகத்துக்கும் வழியில்லை. ஆகவே கடை, வங்கி, ஆலை என்று வியாபாரத்தில் இறங்கினார்கள். ஒரே விலை, பேரம் இல்லை, நிறுவையில் கள்ளம் இல்லை என்பது அவர்கள் வழக்கம். கல்யாணமும் தங்கள் கூட்டத்துக்குள்ளேயே. வெளியே கட்டினால் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். இப்படி நூறு, இருநூறு வருடம் நடந்ததால் கடைக்காரர், வங்கிக்காரர், ஆலைக்காரர் எல்லாரும் மாமன் மச்சான் ஆகிவிட்டார்கள். 1896இல் இருபது தனியார் வங்கிகள் ஒன்றாகச் சேர்ந்துதான் பார்க்லேஸ் வங்கிக் கம்பனி உருவானது. அவற்றில் பலவும் இப்படிச் சம்பந்தம் செய்துகொண்ட குவேக்கர் குடும்பங்களுடையவை.

சத்தியம் செய்யாதவர்கள் கடதாசியை நம்பினார்கள். பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் அவர்களுடைய மாதக் கூட்டமே பதிவு செய்து வைத்தது. கல்யாணப் பத்திரத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டுமல்ல, வந்திருந்தவர்கள் எல்லாருமே சாட்சியாகக் கையெழுத்துப் போடுவார்கள். யார் யாருக்கு உறவு, யார் அந்த நாளில் அந்த ஊரில் இருந்தார் என்பதெல்லாம் அந்த ஒரே தாளில் கிடைக்கும்.

யோர்க் நகரத்துக் கடை

இங்கிலாந்தில் யோர்க் என்று ஒரு பழைய நகரம். அங்கே மேரி டூக் என்ற குவேக்கர் பெண்மணி 1725இல் ஒரு பலசரக்குக் கடை தொடங்கினார். தாய் தகப்பன் இல்லாதவர், கல்யாணம் ஆகாதவர், வயது முப்பது. அந்த ஊர் வியாபாரிகள் சங்கம் "அனுமதி இல்லாமல் நீ கடை போடக்கூடாது" என்று சில வருடம் அவரோடு மல்லுக்கட்டியது. அவர் விடவில்லை. கடைசியில் ஒரு தொகை கட்டி அனுமதி பெற்றார்.

பிறகு தம்பி மகன் வில்லியம் டூக் கடையில் வேலை பழகினார். 1752இல் அத்தை இறந்ததும் கடை அவருக்கு வந்தது. தேயிலை, கோப்பி, கொக்கோ எல்லாம் அந்தக் கடையில் விற்றார்கள். அப்போது வந்த தேயிலை சீனத் தேயிலை. நம்ம மலையில் தேயிலை வருவதற்கு இன்னும் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. இதே வில்லியம் டூக்தான் மனநோயாளர்களைச் சங்கிலி போட்டுக் கட்டாமல் அன்பாகக் கவனிக்கும் ஓர் இல்லத்தை 1796இல் திறந்தார். 1862இல் டூக் குடும்பத்தார் கொக்கோப் பகுதியை ஹென்றி ஐசக் ரவுன்றீ என்ற இன்னொரு குவேக்கருக்கு விற்றார்கள். பின்னாளில் பேர் பெற்ற ரவுன்றீ சொக்லேட் கம்பனி அதிலிருந்து வளர்ந்தது. அந்தக் கம்பனி 1906இல் தொழிலாளருக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? டூக் குடும்பத்தாரின் கடதாசிகள் இன்றும் யோர்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்த இல்லத்தின் பதிவேடுகளும், ரவுன்றீ கம்பனியின் ஆவணங்களும் அதே இடத்தில்தான். வீட்டுக் கடதாசி தனியாக இருந்தால் அத்தையும் மருமகனும் என்ற உறவு மட்டும் தெரியும். கணக்குத் தாள் தனியாக இருந்தால் சரக்கும் விலையும் மட்டும் தெரியும். இரண்டும் பக்கத்தில் இருப்பதால்தான் கடை யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த உரிமையில் போனது என்பது தெளிவாகிறது.

முதல் பாடம்: வீட்டுக் கடதாசியையும் வேலைக் கடதாசியையும் பிரிக்காதே.

கொக்கோத் தோட்டமும் ஒரு வழக்கும்

கட்பரி குடும்பத்தாரும் குவேக்கர்களே. பேர்மிங்ஹம் நகரத்துப் பக்கம் போர்ன்வில் என்ற இடத்தில் 1879இல் ஆலை கட்டி, பிறகு தோட்டத்தோடு கூடிய வீடுகளும் உண்டாக்கினார்கள். தொழிலாளர் நலன் என்றால் அந்நாளில் அவர்கள் பெயரைத்தான் சொல்வார்கள்.

ஆனால் கொக்கோ எங்கிருந்து வந்தது? ஒரு பெரிய பங்கு ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் சாவோ டோமே என்ற போர்த்துக்கேயத் தீவின் தோட்டங்களிலிருந்து வந்தது. அங்கே அங்கோலா நாட்டிலிருந்து கொண்டுவந்த மக்கள் வேலை செய்தார்கள். பேருக்கு ஒப்பந்தம், நடப்பில் அடிமைத்தனம். போனவர் ஊர் திரும்பியதே அபூர்வம். 1901இல் வில்லியம் கட்பரிக்கு இந்தச் செய்தி எட்டியது. அங்கே விற்பனைக்கு வந்த ஒரு தோட்டத்தின் சொத்துப் பட்டியலில் தொழிலாளரையும் விலை போட்டுச் சேர்த்திருந்தார்கள். 1905இல் ஜோசப் பேர்ட் என்பவரை விசாரிக்க அனுப்பினார்கள். 1908இல் வில்லியம் கட்பரியே போய்ப் பார்த்தார். 1909இல்தான் அந்தத் தீவின் கொக்கோவை வாங்குவதை நிறுத்தினார்கள்.

இடையில் 1908இல் ஒரு லண்டன் பத்திரிகை, "ஊருக்கு நல்லவர்கள், அடிமைகள் விளைவித்த கொக்கோவை வாங்குகிறார்கள்" என்ற கருத்தில் எழுதியது. கட்பரி கம்பனி மானநட்ட வழக்குப் போட்டது. 1909இல் விசாரணை நடந்தது. கம்பனியின் சொந்தக் கடிதங்களும் கூட்டக் குறிப்புகளுமே கோர்ட்டில் அலசப்பட்டன. எந்தத் திகதியில் தெரியும்? தெரிந்த பிறகு எத்தனை வருடம் வாங்கினீர்கள்? இதுதான் கேள்வி. தீர்ப்பு கம்பனிக்குச் சாதகமாக வந்தது. ஆனால் நட்டஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு பென்னியில் காற்பங்கு! ஜூரிமார் மனதில் என்ன இருந்தது என்பதை அந்தக் காற்பென்னியே சொல்லிவிட்டது.

கட்பரி குடும்பக் கடதாசிகள் இன்று பேர்மிங்ஹம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. தங்களுக்குப் பெருமை தருவதையும் சிறுமை தருவதையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அந்தத் தீவின் தொழிலாளருக்கு நடந்த அநியாயத்தை நாம் இன்று நிரூபிக்க முடிவதற்குக் காரணம், திகதி போட்ட கடிதங்கள்.

இரண்டாவது பாடம்: திகதி இல்லாத கடதாசி பாதி ஊமை. திகதி இருந்தால் அது சாட்சி சொல்லும், வைத்திருந்தவருக்கு எதிராகக்கூட.

செட்டியார் தெருவின் பேரேடுகள்

இனி நம்ம ஊருக்கு வருவோம். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டியார் தெரு இன்று நகைக்கடைத் தெரு. ஒரு காலத்தில் அது நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் வட்டிக்கடைத் தெரு. அங்கிருக்கும் கதிரேசன் கோயில்களிலிருந்து வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் போகும் ஆடிவேல் விழா அவர்கள் வழிவந்த விழாதான்.

இவர்கள் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இலங்கை, பர்மா, மலாயா எங்கும் கடை போட்டார்கள். வெள்ளைக்காரர் வங்கிகள் சிறு வியாபாரிக்குக் கடன் கொடுக்காத காலத்தில், வங்கியிடம் வாங்கி வியாபாரிக்கும் காணிக்காரருக்கும் கொடுத்தவர்கள் இவர்களே. 1934இல் இலங்கையின் வங்கி நிலைமையை ஆராய்ந்த ஆணைக்குழு செட்டிமாரின் தொழிலையும் விரிவாக ஆராய்ந்தது. அதன் பிறகு 1939இல் இலங்கை வங்கி உண்டானது.

குவேக்கர்களுக்கும் இவர்களுக்கும் சமயம் வேறு, நாடு வேறு. ஆனால் முறை ஒன்று. இவர்களும் உறவுக்குள்ளேயே சம்பந்தம் செய்து, உறவை நம்பி வியாபாரம் செய்தவர்கள். ஒன்பது கோயில்களைச் சேர்ந்த குடும்பங்கள். கல்யாணமானால் கோயிலில் புள்ளியாகப் பதிய வேண்டும். கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற பத்திரம் எழுதுவார்கள். அது வீட்டுக் கடதாசி. கடையிலோ பிள்ளையார் சுழி போட்டு நாளேடு, பேரேடு, ஐந்தொகை. கடைக்கு வந்த ஏஜண்டு பொதுவாக மூன்று வருடத் தவணைக்கு வருவார். தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் ஊர் போகலாம். பெட்டியடியில் உட்கார்ந்து வேலை பழகும் சின்னப் பையனுக்கும் முதல் பாடம் கணக்கு எழுதுவதுதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அவர்களுடைய விலாசம். பாட்டன், தகப்பன், மகன் என்று பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோர்த்துக் கடைக்கு விலாசம் வைப்பார்கள். அந்த விலாசத்தைப் பார்த்தாலே எந்தக் குடும்பம், எந்தத் தலைமுறை என்று தெரியும். வீட்டிலும் அதே எழுத்து, பேரேட்டிலும் அதே எழுத்து. ஓர் எழுத்து மாறினால் வேறு கடை என்று அர்த்தம். 1948க்குப் பிறகு வந்த குடியுரிமைச் சட்டங்களாலும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளாலும் பெரும்பாலோர் இந்தியா திரும்பினார்கள். அவர்களுடைய தொழில் வரலாற்றை வீரசூரிய என்ற அறிஞர் 1973இல் ஒரு நூலாக எழுதினார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் புத்தகங்களோடு கல்யாண அழைப்பிதழ்களைக்கூடச் சேர்த்து வைத்தார். அவர் சேர்த்தவற்றைக் கொண்டே 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

மூன்றாவது பாடம்: வீட்டிலும் வேலையிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் கணக்கை எழுதியவர் யார்?

இப்போது நம்முடைய பெட்டிக்கு வருவோம். நம்ம பாட்டன் பாட்டிமாருக்கும் கடதாசி இருந்தது. ஆனால் அதை எழுதியவர் வேறு, வைத்திருந்தவர் வேறு. கடன் கணக்குப் பெரிய கங்காணி கையில். பேர் போடுவது கணக்கப்பிள்ளை கையில். செக்ரோல் துரை ஆபீசில். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் "துண்டு" வேண்டும். இந்த ஆட்களின் கடனைக் கட்டினால் விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தத் துண்டோடு மனிதனின் கடனும் கைமாறியது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் துண்டு முறை ஒழிந்தது.

1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெயிலர் ஸ்கொட்லாந்தில் இருந்த குடும்பத்தாருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் அந்த நாட்டுத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அதே மலையில் காடு வெட்டி, கன்று நட்டவர்களின் கடிதம் எங்கே? எழுதத் தெரிந்தவர் குறைவு, எழுதியதை வைக்க இடமும் இல்லை.

இதன் விலையை 1949க்குப் பிறகு நம்மவர்கள் கொடுத்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாதவர் ஆனார்கள். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி கொடுத்தது. ஆனால் 1946 சனவரி 1க்கு முன்னால், கல்யாணமானவர் 7 வருடமும், ஆகாதவர் 10 வருடமும் தொடர்ந்து இலங்கையில் இருந்ததைக் காட்ட வேண்டும். எதைக் கொண்டு காட்டுவது? சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பம் போனது. ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான் கிடைத்தது. கடதாசி இல்லாதது மட்டும் காரணமல்ல. சட்டமே கொடுப்பதற்காக அல்ல, தடுப்பதற்காக எழுதப்பட்டதைப் போல இருந்தது. இருந்தாலும் திகதி போட்ட ஒரு பதிவு கையில் இருந்தவனுக்கு வாதாட ஏதோ இருந்தது. இல்லாதவனுக்கு அதுவும் இல்லை.

அதன் பிறகு 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 1974இல் மிச்சம் இருந்தவர்களைப் பங்கிட்ட இன்னோர் ஒப்பந்தம். 1988இல் ஒரு சட்டம். கடைசியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுத்தது. பாருங்கள், அங்கேயும் ஒரு திகதி.

இன்றைக்கு எங்கே தவறிப் போகிறது?

குடியுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. கடதாசிப் பிரச்சினை தீரவில்லை. எங்கள் நலன்புரி ஆபீசுக்கு வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது மூன்று சிக்கல்.

முதலாவது, பெயர் வித்தியாசம். பிறப்புப் பத்திரத்தில் "இராசம்மாள்". அடையாள அட்டையில் "ராஜம்மா". செக்ரோலில் "ராசாத்தி". மலையில் எல்லாரும் கூப்பிடுகிறது "சின்னப்பொண்ணு". ஆள் ஒருத்திதான், கடதாசிக்கோ நாலு பேர். ஓய்வு பெறும் நாளில் சேமலாப நிதிப் பணம் அங்கேதான் சிக்கி நிற்கும். செட்டியார் விலாசத்தில் ஓர் எழுத்து மாறினால் வேறு கடை என்று படித்தோம் அல்லவா? தொழில் திணைக்களத்திலும் அப்படித்தான். எழுத்து மாறினால் வேறு ஆள்.

இரண்டாவது, தோட்டம் கைமாறியது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. பின்னர் பல தோட்டங்கள் ஜனவசமவின் கீழும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கீழும் இருந்தன. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. 1988இல் பேர் பதிந்த ஒருவர் ஒரே மலையில்தான் கொழுந்து எடுத்திருப்பார். ஆனால் முதலாளி மாறியிருப்பார். சேமலாப நிதி இலக்கமும் மாறியிருக்கலாம். இரண்டு இலக்கத்தையும் எழுதி வைக்காவிட்டால் முதல் நாலு வருடம் காற்றோடு போய்விடக்கூடும்.

நாலு வருடம் என்றால் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடமாவது சேவை செய்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருட சேவைக்கும் 14 நாள் சம்பளம் சேர வேண்டும். 30 வருடத்துக்கு 420 நாள் சம்பளம். 26 வருடம் என்று எழுதினால் 364 நாள். குறைவது 56 நாள் சம்பளம்! கடைசியாக வாங்கிய நாட்சம்பளத்தால் அதைப் பெருக்கிப் பாருங்கள்.

மூன்றாவது, கொழும்புக்குப் போன பிள்ளைகள். கொட்டாஞ்சேனையில், வெள்ளவத்தையில், புறக்கோட்டையில் எத்தனையோ கடைகளில் நம்ம பையன்களும் பெண்பிள்ளைகளும் நிற்கிறார்கள். "முதலாளி நல்லவர், சாப்பாடு தருகிறார்" என்பார்கள். நல்லதுதான். ஆனால் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 சதவீதம். ஏழு வருடம் கடையில் நின்றுவிட்டு ஒரு துண்டுத் தாளும் இல்லாமல் ஊர் திரும்பினால், அந்த ஏழு வருடமும் எங்கே போனது? செட்டியார் கடைப் பெட்டியடிப் பையனுக்காவது தன் கையால் எழுதிய கணக்கு இருந்தது.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒரு பெட்டி, ஒரு கோவை. வீட்டுக் கடதாசியும் வேலைக் கடதாசியும் ஒரே இடத்தில் இருக்கட்டும். பொலித்தீன் பையில் போட்டு, தகரம் ஒழுகாத பக்கத்தில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். கரையானும் ஈரமும் எழுத்துத் தெரியாத எதிரிகள், எதையும் விடாது. லெமினேட் செய்ய அவசரப்படாதீர்கள். மூலப் பத்திரத்தின் முத்திரையைச் சரிபார்க்கும்போது அது இடைஞ்சலாகலாம்.

2. குடும்பக் கொப்பி. ஒரு எண்பது பக்கக் கொப்பி போதும். முதல் பக்கத்தில் பாட்டன், பாட்டி, தாய், தகப்பன், பிள்ளைகள் பெயர்களை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். பிறந்த திகதி, பிறந்த தோட்டம், டிவிஷன், பிறப்புப் பத்திர இலக்கம் எல்லாம் சேருங்கள். கூப்பிடும் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்.

3. வேலைப் பக்கம். எந்தத் தோட்டம், எந்தக் கம்பனி, எந்தத் திகதியில் பேர் பதிந்தது, சேமலாப நிதி இலக்கம் என்ன என்று ஒரு பக்கம். மாதாமாதம் சம்பளத் துண்டில் உள்ள மொத்தப் பேர், பிடிப்பனவு, கைக்கு வந்தது மூன்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் பிள்ளையிடம் கொடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நல்ல கணக்குப் பாடம்.

4. பெயரை இப்போதே சரி பார்க்கவும். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கார்ட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஐம்பத்தைந்து வயது வரை காத்திருக்க வேண்டாம். தோட்டத்து ஆபீஸ், கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகத்துப் பதிவாளர் பிரிவு, தொழில் அலுவலகம் என்று கேட்க இடங்கள் உண்டு. பிறப்பே பதியாதவருக்கும் காலங்கடந்த பதிவு, உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழிகள் உண்டு.

5. பிரதி வேறு இடத்தில். 1983 யூலைக் கலவரத்தில் வெள்ளவத்தை உட்படக் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, உறுதிகளும் சான்றிதழ்களும் சேர்ந்தே எரிந்தன. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்தபோது, மனிதரோடு பெட்டிகளும் புதைந்தன. ஆகவே போட்டோ கொப்பி ஒரு செட் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் அக்கா தங்கை, மாமன் வீட்டில் வையுங்கள். அவர்களுடையதை நீங்கள் வையுங்கள். இப்போது கைத்தொலைபேசியிலும் படம் எடுத்துச் சொந்தக்காரருக்கு அனுப்பி வைக்கலாம்.

6. மூலத்தைக் கையில் கொடுக்காதீர்கள். "பத்திரத்தை விட்டுட்டுப் போ, நாளைக்கு வா" என்று யார் சொன்னாலும் பிரதியைக் கொடுங்கள். மூலம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் திகதி போட்டு, பெயர் எழுதி, பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

கடிதங்களையும் எறியாதீர்கள்

ஒப்பந்தத்தில் இந்தியா போன பெரியப்பா எழுதிய கடிதம், கல்யாண அழைப்பிதழ், பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை, தொழிற்சங்கச் சந்தா டிக்கட், இவற்றையெல்லாம் தீபாவளிக்கு லயம் வெள்ளை அடிக்கும்போது குப்பையில் போட்டுவிடுகிறோம். ஆபீசுக்கு அவை தேவைப்படாமல் போகலாம். ஆனால் டூக் குடும்பத்தாரின் கடைக் கணக்கும் ஒரு நாள் பழைய குப்பையாகத்தான் இருந்தது. யாரோ ஒருவர் எறியாமல் விட்டார். மலையகத்தில் இருநூறு வருடம் வாழ்ந்த சனத்தின் கதையைத் துரைமாரின் கடிதங்களை மட்டும் வைத்து எழுதினால் அது யாருடைய கதையாக இருக்கும்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் எல்லாரும் இருந்து பதில் தேட வேண்டிய வினாக்கள்

1. உங்கள் பெயர் எத்தனை கடதாசியில், எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது?

2. நீங்கள் தோட்டத்தில் பேர் பதிந்த திகதி எது? அதைக் காட்ட என்ன இருக்கிறது?

3. உங்கள் சேமலாப நிதி இலக்கம் எத்தனை? கம்பனி மாறியபோது அது மாறியதா?

4. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையிடம் நியமனக் கடிதம் உண்டா?

5. இந்தப் பெட்டி நாளைக்கே நனைந்து போனால், பிரதி எங்கே இருக்கிறது?

ஐந்துக்கும் பதில் சொல்ல முடிந்த குடும்பம் பாக்கியசாலிக் குடும்பம். முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து, வெயிலில் காயப்போட்டு, கொப்பியின் முதல் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள். எழுத ஆள் இல்லாதவர்கள் வேலை நாட்களில் நலன்புரி ஆபீசுக்குக் கடதாசிகளைக் கொண்டுவாருங்கள். சேர்ந்தே எழுதுவோம்.